மேஸ்திரியின் வலது கண்

ஆண்டவன் எல்லாருக்கும் இரண்டு கண் கொடுத்தான். எங்கள் மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றுதான் கொடுத்தான் என்று சொல்ல வேண்டும். வலது கண். இடது கண்ணும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை அவர் ஒரு கண்ணாகவே மதித்ததில்லை. "அது சும்மா துணைக்கு வந்தது" என்பார்.

அவர் டைல்ஸ் போடுகிறவர். முப்பத்தொரு வருஷத் தொழில். தரையில் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்ட வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். "நாலாவது வரிசை, ஆறாவது கல்லு. உள்ளே தட்டு" என்பார். ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. முடிந்தது கதை. மற்ற மேஸ்திரிகள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நூல் கட்டி, வரிசைக்கு வரிசை ரசமட்டம் வைத்துப் பார்த்து, உயிரை விடுவார்கள். இவர் நூலே கட்டினதில்லை. பெட்டியில் ரசமட்டம் ஒன்று கிடந்தது, அதன் மேல் டீ கிளாஸ் வைப்பார். அதனால் அவருக்கே ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான், வெளியே முறைப்பார்.

நான் குழாய்க்காரன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வேலை செய்யும் கட்டடத்தில்தான் பெரும்பாலும் எனக்கும் வேலை. எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது என்று ஊரே நினைக்கும். காரணம், அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட தரையில் நான் போய் ஓட்டை போடுவேன். "வந்துட்டான்யா, தங்கத் தட்டுல ஓட்டை போட" என்பார். "தண்ணி எங்கேண்ணே போகும், உங்க வாயிலயா?" என்பேன். இப்படித்தான் இருபது வருஷம் ஓடியது.

அவர் பின்னாலேயே முட்டி போட்டு வருவது அவர் மனைவி, எனக்கு அண்ணி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அடைப்பது, காய்வதற்குள் ஸ்பாஞ்சால் துடைப்பது, இது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக. விரல் நுனி எப்போதும் வெளுத்திருக்கும். பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார்கள். அண்ணி அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து மேஸ்திரி பேசிவிடுவார், அதுவும் பெரும்பாலும் குறை. "இங்கே பொங்கியிருக்கு. இங்கே இறங்கியிருக்கு. கண்ணை எங்கே வெச்சுட்டு அடைக்கிறே?" வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லி நான் கேட்டதில்லை. ரொம்பச் சிறப்பாக இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்"முக்காக அவள் உச்சி வெயிலில் உட்கார்ந்து துடைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினாலு வருஷமாக மேஸ்திரிக்குச் சர்க்கரை. வீட்டில் அண்ணி சர்க்கரை போடாத டீ, அளந்து வைத்த சோறு, அவித்த முட்டை, கீரை என்று வைத்துக் காத்தாள். வேலை இடத்தில் அவர் இரண்டு கரண்டி போட்ட டீ குடித்தார். வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான். "கசப்பா குடிச்சா கை நடுங்குதுடா குழாய்" என்பார். நானும் நம்பிவிட்டேன். முட்டாள் நான்.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெரிய கூடம் கட்டினார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இருபத்திரண்டு வரிசை. இளஞ்சாம்பல் நிறக் கல். நடுவில் தூண் கிடையாது, மறைப்பு கிடையாது, ஒரு கோடு கோணினால் வாசலில் நிற்பவனுக்கே தெரிந்துவிடும். அந்த மாதிரி வேலை என்றால் இன்ஜினியர் வேறு யாரையும் கூப்பிட மாட்டார். இரண்டே நாளில் அத்தனை வரிசையையும் போட்டு முடித்தார் மேஸ்திரி.

மூன்றாம் நாள் காலை. ராத்திரி பெய்த மழையின் ஈரம் சுவரெல்லாம் இருந்தது. கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். நான் மூலையில் கழிவு நீர்க் குழாய்க்கு வாய் பொருத்திக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்தார், வழக்கம் போல் குனிந்தார், கன்னத்தைத் தரையில் வைத்தார், இடது கண்ணை மூடினார். எழுந்திருக்கவே இல்லை. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றேன்.

"டேய் குழாய். கீழே உன் குழாய் கசியுது."

"என்னது?"

"தரை தூக்கியிருக்குடா. பன்னெண்டாவது வரிசையில இருந்து வளைஞ்சுகிட்டே போகுது. பாம்பு மாதிரி போகுது. உன் தண்ணி இறங்கி மண்ணு ஊறிப் பொதுமியிருக்கு."

"நான் இன்னும் தண்ணியே விடலண்ணே! வெறும் குழாய் எப்படிக் கசியும்?"

அவர் காதில் அது ஏறவில்லை. அடுத்தது கல்லைத் திட்டினார், ஒரே பெட்டியில் இரண்டு அளவு அனுப்பியிருக்கிறான் என்று. அடுத்தது அண்ணியைத் திட்டினார், ஈரம் காயும் முன்னால் மேலே நடந்திருக்கிறாள் என்று. அவள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் கண்ணுக்குத் தரை நேராகத்தான் இருந்தது. ஆனால் யார் சொல்வது? முப்பத்தொரு வருஷம் அந்தக் கண் ஒரு தடவை கூடத் தப்பினதில்லையே. நமக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றோம். அதுதான் எங்கள் தப்பு. வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்திருப்போம்.

உளியை எடுத்தார். பத்து மணிக்குள் பதினோரு வரிசையைப் பெயர்த்துப் போட்டார். உடைகிற சத்தம் கேட்டு மேல் மாடியில் சாயம் பூசுகிறவர்கள் கூட இறங்கி வந்து பார்த்தார்கள். அவர் வியர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையால் போட்டதைத் தன் கையாலேயே உடைத்தார்.

மீதி இருந்த பதினோரு வரிசையையும் குனிந்து பார்த்தார். "இதுவும் போச்சு" என்றார். உளியை மறுபடி எடுத்தார்.

அப்போதுதான் அண்ணி எழுந்தாள். என் பையில் கை விட்டு நூல் கண்டை எடுத்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து "அந்தச் சுவத்துக்குப் போ தம்பி" என்றாள். இழுத்துப் பிடித்தோம். சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு விறைப்பாக நின்றது நூல். கல்லின் விளிம்பும் நூலும் ஒட்டினாற்போல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பிசகு இல்லை.

"இப்போ பாருங்க" என்றாள்.

அவர் குனிந்து, இடது கண்ணை மூடிப் பார்த்தார். "நூலை ஒழுங்கா இழுத்துப் பிடிடி."

"இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன்."

"எங்கே இழுத்தே? நூலும் வளையுது."

இழுத்துக் கட்டின நூல் எப்படி வளையும்? இது அந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன்.

"இடது கண்ணால பாருங்க" என்றாள் அண்ணி, ரொம்ப மெதுவாக.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். அப்புறம் உடைந்த கல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். "நேராத்தான் போட்டிருக்கேன்" என்றார். "நேராத்தான்டி போட்டிருந்தேன்."

ஒரு மனுஷன் தன் வேலை சரியாக இருந்தது என்று தெரிந்து அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் என் வண்டியில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணி பின்னாலேயே பஸ்ஸில் வந்தாள். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, என்னென்னவோ படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண், அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

மேஸ்திரி பார்த்தார். "யாரும்மா இதைப் போட்டது?"

"எதைங்க?"

"இந்தத் தரையைத்தான். நடுவுல நாலு கல்லு அமுங்கிப் போச்சு. சுத்தியும் வரிசை இழுத்துக்கிட்டு நிக்குது. இதுக்கா வேலைக்கு ஆள் வெச்சீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். சர்க்கரை பல வருஷமாக ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது. கண்ணுக்குள் பின்பக்கம் பார்வை விழுகிற திரையில் மெல்லிய குழாய்கள் கசிகின்றன. கசிந்த நீர் திரையின் நடுவில் தேங்கி வீங்கியிருக்கிறது. அந்த மேட்டின் மேல் விழுகிற கோடு எல்லாம் வளைந்துதான் தெரியும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "பாத்தீங்களாண்ணே, கசிவு என் குழாயில இல்ல" என்றேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

"என்ன வைத்தியம்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"கண்ணுக்குள்ள ஊசி. மாசத்துக்கு ஒண்ணு. முதல்ல ஒரு அஞ்சு போட்டுப் பாப்போம். கசிவு நிக்க நிக்க இடைவெளி விடலாம். கூடவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தணும், இல்லேன்னா இடது கண்ணும் இதே வழிக்குப் போயிடும்."

"கண்ணுக்குள்ளயா?"

"மரத்துப் போக மருந்து விட்டுத்தான் போடுவோம். ஒரு நிமிஷ வேலை."

"பழையபடி ஆகுமா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை, அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. "அதை நான் சத்தியம் பண்ண முடியாது. நிறையப் பேருக்கு நல்லாத் தேறுது. சிலருக்கு இருக்கிறது போகாம நிக்குது. ஊசி போடலேன்னா மோசமாகும், அது மட்டும் தெரியும்."

முதல் ஊசி அன்றைக்கு வெளியே பெஞ்சில் நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். அவள் கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கிவிட்டாள். அவர் கண்ணில் கட்டோடு வந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"வலிச்சுதா?"

"மூஞ்சியில துணியைப் போட்டு ஒரு ஓட்டை வழியா கண்ணை மட்டும் வெளியே எடுத்தாங்க. ஒரு அழுத்து, அவ்வளவுதான். அசையாதீங்க அசையாதீங்கன்னு அந்த நர்ஸம்மா நாலு தடவை சொல்லிச்சு. கலவை காயுற வரைக்கும் முப்பது வருஷமா அசையாம முட்டி போட்டவன்கிட்டயா சொல்றே அசையாதேன்னு?" என்றார். வண்டியில் ஏறினதும் என் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

கூடத்தில் பதினோரு வரிசை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இன்ஜினியர் நல்ல மனுஷர், திட்டவில்லை. "வேற மேஸ்திரியை வெச்சு முடிச்சுக்கிறேன், நீங்க உடம்பைப் பாருங்க" என்றார். அதைக் கேட்டு மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார்.

"வேற மேஸ்திரி எதுக்கு?" என்றாள் அண்ணி. "நான் போடுறேன்."

"நீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"இருபத்தாறு வருஷமா இவர் பின்னாடியே முட்டி போட்டு வர்றேன். ஒவ்வொரு கல்லையும் இவருக்கு அடுத்தபடியாத் தொட்டது நான்தான். இவர் கண்ணு மாதிரி எனக்குக் கண்ணு கிடையாது. ஆனா நூல் கட்டத் தெரியும்."

இன்ஜினியர் மேஸ்திரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பையில் இருந்த நூல் கண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இழுத்துக் கட்டு" என்றார்.

அவள் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு வரிசைதான், மெதுவாக. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். "கலவை கெட்டி. தண்ணி காட்டு. மூலையில வெத்துச் சத்தம் கேக்குது, எடுத்துட்டு மறுபடி வை." கண்ணால் செய்த வேலையைக் காதால் செய்தார். அவளும் பதிலுக்குப் பேச ஆரம்பித்தாள். "சும்மா இருங்க, எனக்குத் தெரியும்." இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பன்னிரண்டாம் நாள் அந்தத் தரை மேல் நின்று பார்த்தேன். எனக்கு என்னமோ நானே போட்ட மாதிரி ஒரு பெருமை.

இரண்டாவது ஊசி போட்டார்கள், மூன்றாவதும் போட்டார்கள். வேலை இடத்து டீக்கடையில் நானே நின்று "சர்க்கரை இல்லாம" என்று சொல்லி வாங்கினேன். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் சுவரில் மாட்டின எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். முன்னை விட இரண்டு வரி கூடப் படித்தார். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்ல முன்னேற்றம்! வீக்கம் பாதிக்கு மேல வடிஞ்சிருக்கு" என்றார்.

மேஸ்திரி வெளியே வந்ததும் அடுத்த தேதி எழுதின அட்டையைக் கசக்கி ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டார். "இனிமே வர மாட்டேன்."

"ஏண்ணே? ரெண்டு வரி ஏறியிருக்குன்னு அந்தம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க?"

"எழுத்துப் படிக்கிறதுக்காடா நான் பொறந்தேன்? பேப்பர் படிக்கிறேனா, பாடம் நடத்துறேனா? கோடு இன்னும் வளையுதுடா எனக்கு. முன்ன பாம்பு மாதிரி இருந்துச்சு, இப்போ புழு மாதிரி இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். பாம்பு போய்ப் புழு வந்ததுக்கு நான் சந்தோஷப்படணுமா? என் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இந்தக் குத்தல் எல்லாம் வீண்."

நாலாவது ஊசித் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் அசைவதாக இல்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது: விட்டால் மோசமாகும். கண்ணே போய் அவர் வாளி மேல் உட்கார்ந்து மிச்ச நாளை ஓட்டுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன்.

அங்கே துணி துவைக்கிற இடத்தில், வேலையில் மிஞ்சின கற்களை மணல் மேல் சும்மா பரப்பி வைத்திருப்பார்கள். சிமெண்ட் கிடையாது, நெருக்கி அடுக்கினதுதான். மேஸ்திரி பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தார், இரண்டு எட்டு வைத்தார், நின்றார். பழக்கத்தில் இடது கண் தானாக மூடியது.

"எவ இதை நகர்த்துனது?" என்று கத்தினார். "வாரா வாரம் இதே தொல்லையாப் போச்சு! துணி துவைக்கிறவ கல்லை ஏன்டி நகர்த்துறே? மூணாவது வரிசை, ரெண்டாவது கல்லு. சந்து பெருசா இருக்கு பாரு!" காலால் இடிக்கப் போனார்.

"இடிக்காதீங்க" என்றாள் அண்ணி, கையில் ஈரத் துணியோடு. "எவ்வளவு பெருசா இருக்கு?"

"ஏன்? கொஞ்சூண்டுதான். அதுக்காக விட்டுட முடியுமா?"

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு வந்து குந்தினாள். அந்தச் சந்தில் நகத்தை விட்டு எதையோ இழுத்தாள். நாலாக மடித்த ஒரு அட்டை. பிரித்துக் காட்டினாள். கசங்கிப்போன ஆஸ்பத்திரி அட்டை. அவர் வாசலில் கசக்கி எறிந்ததேதான்.

"இதோட கனம்தான் நகர்த்தினேன்" என்றாள். "குழாய்த் தம்பி, நீ வந்து நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சே, உனக்குத் தெரிஞ்சுதா?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு கல்லை நகர்த்தி வெச்சேன். ஊசி போடுறதுக்கு முந்தின ஞாயிறு பென்சில் சொருகி வெச்சேன். அது மேலேயே நடந்து போனீங்க. முதல் ஊசிக்கு அப்புறமும் பென்சில்தான், ஒரு வாரம் போனீங்க, மறு வாரம் நின்னு திட்டுனீங்க. அன்னிக்கு நீங்க திட்டினதும் உள்ளே போய் அழுதேன். அப்புறம் தீக்குச்சி வெச்சேன். ரெண்டாவது ஊசி வரைக்கும் அது உங்களுக்குத் தெரியல. அதுக்கப்புறம் தெரிஞ்சுது. இன்னிக்கு இது." அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "டாக்டரம்மாவுக்கு எழுத்துதான் தெரியும், அவங்க எழுத்து வெச்சுப் பாத்தாங்க. உங்க கண்ணுக்கு அளவு எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க இருபது வயசுக் கண்ணோட ஒப்பிட்டுப் பாத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. நான் போன மாசக் கண்ணோட ஒப்பிட்டுப் பாக்குறேன். இதுல ஏதாவது பொய் இருந்தா சொல்லுங்க, நானே இந்த அட்டையைக் கிழிச்சுப் போடுறேன்."

நுரை வழிகிற வாயோடு மேஸ்திரி நின்றார். கல்லைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார், ஏதோ புதிதாகக் குடி வந்தவளைப் பார்ப்பது போல.

"மூணு மாசமா என்னை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கே."

"ஆமா."

"சண்டாளி" என்றார். எனக்குத் தெரிந்து அவர் அவளைக் கொஞ்சினது அது ஒரு தடவைதான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அந்த அட்டையை வாங்கி, தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கினார். "தேதி என்ன போட்டிருக்கு? எனக்கு எழுத்துப் பொடியா இருக்கு" என்றார்.

நாலாவது ஊசி போட்டார்கள். சில வாரம் கழித்து, பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நாற்காலி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று இன்ஜினியர் சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் போனோம். கழுவித் துடைத்த தரை, வெளிச்சம் முழுக்க அதன் மேல் விழுந்திருந்தது. மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முட்டி போட்டார். கன்னத்தைத் தரையில் வைத்து இடது கண்ணை மூடினார்.

பதினோரு வரிசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். புழு இன்னும் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. புழுவை ஒதுக்கிவிட்டுத் தரையைப் பார்க்க அவர் கற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் ஊர்ந்து போய் ஒரு கல்லின் மேல் விரலை வைத்தார்.

"இவ போட்டதுல எட்டாவது வரிசை. ஜன்னல் பக்கத்துல இருந்து அஞ்சாவது. வலது பக்கம் ஏறியிருக்கு."

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். நானும் குனிந்தேன், எனக்கும் தெரியவில்லை. மேஸ்திரிக்குக் கண் மறுபடி போய்விட்டதோ என்று நினைத்தேன். ஓடிப் போய் நூலை எடுத்து வந்து இழுத்துப் பிடித்தேன். ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில், அந்த ஒரு கல் நூலை மெல்ல நெட்டிக்கொண்டு நின்றது. தபால் அட்டை கனம் கூட இருக்காது.

மேஸ்திரி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். அண்ணி நூலை வாங்கிக் கண்டில் சுற்றினாள்.

ஐந்தாவது ஊசி அன்றைக்கு, உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வைத்தியம் எடுத்துக்கொண்டவர்களிடம் எல்லாம் கேட்கிறார்களாம்.

"உங்க பார்வையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ரொம்பத் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை. இதுல எதுன்னு சொல்லுங்க."

"முன்ன மாதிரி இல்லம்மா" என்றார் மேஸ்திரி.

"அப்போ ஓரளவுன்னு போட்டுக்கவா?"

"எதுக்கு ஓரளவு? ரொம்பத் திருப்தின்னு போடு."

நர்ஸ் குழம்பிப்போனாள். "முன்ன மாதிரி இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க? காரணம் எழுதணும், கீழே கட்டம் இருக்கு."

"எழுதிக்கோ. என் பொண்டாட்டி தனியா ஒரு தரை போட்டா. பதினோரு வரிசை. ஊர்ல இருக்கிற எந்த மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து காட்டினாலும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவான். அப்படி ஒரு வேலை. அதுல ஒரே ஒரு கல்லு, ஒரு மயிரிழை ஏறியிருந்துச்சு. இன்ஜினியருக்குத் தெரியல, இந்தக் குழாய்க்காரனுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது." வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குத் தெரிஞ்சுது. மீதி அத்தனை கல்லும் நேரா இருக்குன்னும் இதுக்குத்தான் தெரிஞ்சுது. எழுதிட்டியா?"

நர்ஸ் எழுதிக்கொண்டே அவரை உள்ளே கூட்டிப் போனாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

பெஞ்சில் நானும் அண்ணியும். அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் காத்திருந்து இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? ஆனாலும் அந்த ஒரு கல் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நூல் கட்டிப் போட்டவள், ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று பார்த்துப் பார்த்துப் போட்டவள்.

"அண்ணி, அந்தக் கல்லு ஏறியிருக்கிறது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? மறுநாள் கலவை இறுகின பிறகு கை வெச்சுத் தடவும்போதே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எடுத்துட்டு வேற வைக்கல?"

அவர் உள்ளே போன கதவையே அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உளியைக் கையில எடுத்துட்டேன் தம்பி" என்றாள். "ஆனா இதைக் கண்டுபிடிச்சு என்னைத் திட்டுறதுக்கு அவர் வருவாருன்னு தோணுச்சு. அதான் அப்படியே விட்டுட்டேன்."